இராசியும் குரலும்: வித்யா பாலனின் தொடக்கக்காலத் திரைவாழ்வும் மும்பைத் தமிழ்ப் பெண்ணின் இடமும்

முன்னுரை

நடிகையரின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே அச்சில் அதனை வார்த்தெடுக்கின்றனர். எளிய தொடக்கம், தொடர் தோல்வி, எதிர்பாராத ஒரு நல்வாய்ப்பு, பெரும்புகழ் என நான்கு படிகளில் அக்கதை ஏறி நிற்கும். இந்தித் திரையுலகின் முன்னணி நடிகையருள் ஒருவராகிய வித்யா பாலனின் வரலாறும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. அவர் மும்பைச் செம்பூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 1995-இல் தொலைக்காட்சித் தொடரில் தோன்றியவர். 2005-இல் 'பரிணீதா' என்னும் படத்தின் வழி இந்தித் திரைக்கு வந்தவர். 2011-ஆம் ஆண்டுக்குரிய தேசியத் திரைப்பட விருதினைச் சிறந்த நடிகைக்கெனப் பெற்றவர். 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். 1995-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மலையாளத்திலும் தமிழிலும் அவர் இழந்த வாய்ப்புகள் 'இராசியின்மை' என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கப்படுகின்றன. பின்னர் பெற்ற வெற்றி 'விடாமுயற்சி' என்னும் சொல்லால் விளக்கப்படுகிறது.

இவ்விரு சொற்களும் எதனை விளக்குகின்றன என்பதைக் காட்டிலும் எதனை மறைக்கின்றன என்பதே ஆய்வுக்குரியது. தென்னிந்தியத் திரையுலகம் புதிதாக வரும் பெண்ணின் 'காலடி'யை எவ்வாறு மதிப்பிட்டது, அவள் 'குரலை' எவ்வாறு கையாண்டது என்னும் இரண்டையும் அச்சொற்கள் மறைக்கின்றன என்னும் கருதுகோளை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

மூன்று வாழிடங்கள்

மும்பைத் தமிழர் என ஒரே பெயரால் சுட்டப்படுவோர் ஒரே தன்மையர் அல்லர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்னும் மூன்று பகுதிகளும் மூன்று வகைப்பட்ட புலம்பெயர்வின் அடையாளங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உடலுழைப்பை நம்பிச் சென்றோர் தாராவியில் குடியேறினர். தோல் தொழிலும் பிற சிறுதொழில்களும் அவர்களுக்கு வாழ்வளித்தன. எழுத்தர், கணக்கர், ஆசிரியர் முதலிய அலுவல்களை நாடிச் சென்ற நடுத்தட்டினர் மாட்டுங்காவில் நிலைகொண்டனர். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், அண்மையிலுள்ள சண்முகானந்தா அரங்கமும் அவர்தம் கல்வி, கலை வேட்கையின் சான்றுகள். நகரம் கிழக்கு நோக்கி விரிந்தபோது அந்நடுத்தட்டின் அடுத்த தலைமுறைக்குச் செம்பூர் இடமளித்தது. திராம்பேயின் அணு ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை ஆகியன அதனைச் சூழ அமைந்தவை. இராஜ் கபூர் 1948-இல் நிறுவிய ஆர்.கே. படப்பிடிப்புத் தளமும் செம்பூரிலேயே நெடுங்காலம் இயங்கியது. ஒரே புறநகரில் இந்தித் திரைப்படத் தொழிலும் தென்னிந்தியக் குடியிருப்பும் அருகருகே நின்றன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1966-இல் தோன்றிய சிவசேனை, தன் தொடக்க ஆண்டுகளில் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியருக்கு எதிராகவே குரலெழுப்பியது. அந்நெருக்கடியில் மும்பைத் தமிழர் வீட்டுக்குள் தமிழும் வெளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலமுமாக வாழப் பழகினர். 1979 சனவரி 1 அன்று பிறந்த வித்யா பாலன் இத்தலைமுறையினரின் மகள். அவர் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இல்லத்தில் வளர்ந்தவர். செம்பூரில் ஆங்கிலவழிப் பள்ளிக் கல்வியும், தூய சவேரியார் கல்லூரியில் சமூகவியல் பட்டமும் பெற்று, மும்பைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றார். படிப்பை முடிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு பெற்றோர் அவரது நடிப்பு விருப்பத்திற்கு இசைந்தனர்.

'தனி முயற்சியால் உயர்ந்தவர்' என்னும் கூற்றினை இங்கேயே சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அவருக்குத் திரைத்துறைக் குடும்பப் பின்னணி இல்லை என்பது உண்மை. எனினும் ஆங்கிலவழிக் கல்வி, வருவாய்க்கு உடனடித் தேவையின்மை, நகர இந்தியில் இயல்பான பயிற்சி ஆகியவை செம்பூர் அவருக்கு அளித்த முதலீடுகள். தாராவியின் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு அவை கிட்டியிருக்க மாட்டா. முயற்சியைப் போற்றும் வரலாறு, முயற்சி செய்வதற்கான கால அவகாசம் யாருக்கு வாய்க்கிறது என்பதையும் சொல்லுதல் முறை.

எழுத்திலும் திரையிலும் மும்பைத் தமிழர்

தமிழ்ப் படைப்புலகம் மும்பைத் தமிழரைப் பெரிதும் ஆணின் கண்வழியே கண்டது. நாஞ்சில் நாடனின் 'மிதவை', 'சதுரங்கக் குதிரை' ஆகிய புதினங்களின் நடுவில் நிற்பவன் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற ஆடவன். அறை, அலுவலகம், இரயில், உணவகம் என்பனவே அவன் உலகம். ஊர் நினைவு அவனை விடுவதில்லை. அந்நகரிலேயே பிறந்து, ஊர் என்பதையே விடுமுறைப் பயணமாக மட்டும் அறிந்த பெண்ணின் சிக்கல் வேறு. மும்பையில் வாழ்ந்து எழுதிவரும் அம்பையின் சிறுகதைகள் அந்நகரப் பெண்ணின் தனிமையையும் பயணத்தையும் தமிழுக்குக் கொணர்ந்தன. 1988-இல் அவர் பிறருடன் சேர்ந்து நிறுவிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்களின் வாழ்க்கையை அவர்தம் சொந்தக் குரலிலேயே பதிவு செய்வதைக் குறிக்கோளாகக் கொண்டது.

திரையிலோ 'நாயகன்' (1987) முதல் 'காலா' (2018) வரை மும்பைத் தமிழர் என்றால் தாராவியும் அதனைக் காக்கும் ஆண் தலைவனும் என்றே உருவம் பெற்றது. உழைக்கும் மக்களின் நில உரிமையைப் பேசியதால் 'காலா' தனிச்சிறப்புடையது. ஆயினும் இருபடங்களிலும் கதையை நகர்த்துபவன் ஆணே. மறுபுறம், இந்தித் திரை தமிழ்ப் பேச்சை நகைப்புக்கு உரியதாக்கியது. 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னிந்திய இசை ஆசிரியர் வேடம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இவ்விரு சித்திரிப்புகளுக்கும் இடையில் செம்பூரின் தமிழ்ப் பெண்ணுக்கென வரையப்பட்ட உருவம் எதுவும் இல்லை. தனக்கு முன்மாதிரி இல்லாத வெளியில்தான் வித்யா பாலன் நடிக்க வந்தார்.

சின்னத்திரைத் தொடக்கம்

1992-இல் ஜீ தொலைக்காட்சி தொடங்கியபின் இந்திச் சின்னத்திரை நகர நடுத்தட்டுக் குடும்பத்தைத் தன் களமாக்கிக்கொண்டது. 1995-இல் அவ்வலைவரிசையில் ஏக்தா கபூரின் தயாரிப்பில் வெளிவந்த 'ஹம் பாஞ்ச்' என்னும் நகைச்சுவைத் தொடர், ஐந்து பெண்மக்களைப் பெற்ற ஒரு தந்தையின் அல்லலைச் சொல்வது. அதில் மூக்குக்கண்ணாடி அணிந்த இராதிகா என்னும் மகளாக வித்யா பாலன் நடித்தார். அவருக்கு அப்போது வயது 16. தமிழ் அடையாளம் எதுவும் தெரியாத வடநாட்டுக் குடும்பப் பெண் வேடம் அது. அதனை அவர் இடர்ப்பாடின்றி ஏற்க முடிந்ததற்கு அவர் நாவில் நகர இந்தி இயல்பாக அமைந்திருந்ததே காரணம்.

அதன்பின் அனுராக் பாசு அளிக்க முன்வந்த தொலைக்காட்சித் தொடர் வாய்ப்பை அவர் ஏற்கவில்லை. திரைப்படமே அவர் இலக்காக இருந்தது. நெடுந்தொடர் நடிகைக்கு மாத வருவாயும் வீடுதோறும் அறிமுகமும் தரும்; ஆனால் ஒரே வேடத்தில் பல ஆண்டுகள் கட்டியும் போடும். அக்காலத்தில் இந்தித் தொலைக்காட்சியிலிருந்து திரைக்குச் சென்று நாயகியாக நிலைத்தவர் மிகச் சிலர். எனவே அம்மறுப்பு ஒரு துணிவான தேர்வு எனலாம்.

இராசி என்னும் தீர்ப்பு

2000-களின் தொடக்கத்தில், முதுகலை பயின்றுகொண்டிருந்தபோது, மோகன்லால் நாயகனாக நடிக்கக் கமல் இயக்கவிருந்த 'சக்ரம்' என்னும் மலையாளப் படத்திற்கு அவர் தேர்வானார். அத்தேர்வின் விளைவாக மேலும் பன்னிரண்டு மலையாளப் படங்களுக்கு ஒப்பந்தமானார் என்று அவர் வரலாறு கூறும். 'சக்ரம்' தயாரிப்புச் சிக்கலால் நின்றது. நின்றதற்குரிய பழி, தொழிலுக்குப் புதியவரான நடிகைமீது விழுந்தது. 'இராசியில்லாதவர்' என்னும் பெயர் பரவ, பிற படங்களிலும் அவருக்குப் பதிலாக வேறு நடிகையர் இடம்பெற்றனர். தமிழில் லிங்குசாமி இயக்கிய 'ரன்' (2002) படத்தில் ஒப்பந்தமாகிப் படப்பிடிப்பும் தொடங்கியபின் மாற்றப்பட்டார். அவ்வேடத்தை மீரா ஜாஸ்மின் ஏற்றார். 'மனசெல்லாம்' (2003) படத்திலும் இடமிழந்தார். அவ்வேடம் திரிஷாவுக்குச் சென்றது. 'சக்ரம்' பின்னர் லோகிததாஸ் இயக்கத்தில், பிருதிவிராஜும் மீரா ஜாஸ்மினும் நடிக்க, 2003-இல் வெளிவந்தது.

'இராசி' என்னும் சொல்லின் இயக்கத்தை இவ்விடத்து நுணுகி நோக்குதல் தகும். தமிழ்க் குடும்பங்களில் இச்சொல் பெரிதும் புதுமணப் பெண்ணைச் சார்ந்தே வழங்குகிறது. மருமகள் வீட்டுக்குள் 'வந்த நேரம்', அவள் 'காலடி' என்பன குடும்பத்தின் ஆக்கத்துக்கும் அழிவுக்கும் காரணமாகக் கற்பிக்கப்படுகின்றன. மாமனார் கடன்பட்டால் கணக்கேடு புரட்டப்படுவதில்லை. மருமகள் வந்த நாள் எண்ணப்படுகிறது. திரைத்தொழில் இவ்வழக்கை அப்படியே தன்னுள் ஏற்றுக்கொண்டது. தயாரிப்பு நிறுவனம் புகுந்த வீடாகவும் புது நாயகி மருமகளாகவும் அமைய, முதலீட்டின் தோல்வி அவள் காலடியின் தோல்வியாகிறது. மூத்த நாயகனுக்கோ இயக்குநருக்கோ நின்றுபோன ஒரு படம் தீராப் பழியாவதில்லை. அவர்கள் அவ்வீட்டில் பிறந்த பிள்ளைகள்.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' இதற்கு நேர்மாறான பார்வையைத் தமிழுக்கு முன்னரே வழங்கியுள்ளது. ஒரு படம் தொடங்குவதும் முறிவதும் கடன், கால அட்டவணை, பலருடைய உடல்நலம், மனநிலை, கூலி எனப் பல இழைகளின் பின்னலில் நிகழ்வதை அப்புதினம் ஆரவாரமின்றிக் காட்டுகிறது. அதனைக் கற்ற வாசகருக்கு 'இராசி' என்பது காரணம் அன்று, காரணம் தேடும் கடமையிலிருந்து தப்பிக்கும் வழி என்பது எளிதில் புலப்படும். நடிகையின் திறன் குறைவே மாற்றத்திற்குக் காரணம் என்பாரும் உளர். அவ்வாறாயின் மூன்றே ஆண்டுகளில் 'பரிணீதா'வுக்காகச் சிறந்த புதுமுக நடிகைக்குரிய ஃபிலிம்பேர் விருது பெற்றமை விளக்கமின்றி நின்றுவிடும்.

ஒரே படம், இரு புலம்பெயர் தமிழர்

'ரன்' படத்தின் நாயகன் மாதவன். அவரும் தமிழகத்திற்கு வெளியே, ஜாம்ஷெட்பூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1990-களில் மும்பையில் இந்தித் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்து அறிமுகமானவர். 2000-இல் 'அலைபாயுதே' அவரைத் தமிழ்த் திரையின் நாயகனாக்கியது. பிறப்பிடம், தாய்மொழி, சின்னத்திரைப் பயிற்சி ஆகியவற்றில் பெரிதும் ஒத்திருந்த இருவருள் ஆடவர் நிலைத்தார். பெண் அதே படத்தில் மாற்றப்பட்டார். 'வெளியூர்த் தமிழர்' என்பது தடையாக இருந்திருந்தால் இருவரையும் அது தடுத்திருக்கும்.

'தமிழ் பேசும் பெண்ணைத் தமிழ்த் திரை ஒதுக்கியது' என எளிதாக முடிவு கட்டவும் இயலாது. 'மனசெல்லாம்' படத்தில் இடம்பெற்ற திரிஷா சென்னையில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணே. ஆயினும் அவருக்கும் அக்காலப் படங்கள் பலவற்றில் பின்னணிக் குரல் கலைஞரே பேசினார். எனவே சிக்கல் தமிழ் தெரிந்தவரா, தெரியாதவரா என்பதில் இல்லை. நாயகியின் முகமும் குரலும் தனித்தனியே வாங்கத்தக்க இரு பொருள்களாகக் கருதப்பட்டன என்பதிலேயே உள்ளது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழில் முன்னணியில் நின்ற சிம்ரன், ஜோதிகா இருவரும் மும்பையில் பிறந்தவர்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். அவர்கள் இருவருக்கும் பல படங்களில் சவிதா ரெட்டி என்னும் ஒரே கலைஞர் குரல் கொடுத்தார். நாயகனின் குரல் அவன் ஆளுமையின் கூறாகப் போற்றப்பட, நாயகியின் குரல் படப்பிடிப்புக்குப்பின் ஒட்டப்படும் ஒன்றாயிற்று. இச்சூழலில் மும்பைத் தமிழ்ப் பெண் ஒருத்தி தன்னுடன் கொணர்ந்த தமிழுக்குத் தனி மதிப்பு ஏதும் எழவில்லை. இது நடிகையரின் குறையன்று. அவர்களுள் பலர் தம் நடிப்பால் தமிழ்த் திரைக்கு வளம் சேர்த்தவர்கள். குறை தொழில்முறையைச் சார்ந்தது.

குரல் வழி ஏற்றம்

வடக்கிலும் இதே வழக்கம் இருந்ததுண்டு. தெற்கிலிருந்து சென்ற ஸ்ரீதேவிக்குத் தொடக்கக்கால இந்திப் படங்களில் பிறர் குரலே ஒலித்தது. 'சாந்தினி' (1989) படத்தில்தான் அவர் முதன்முதலாகத் தாமே இந்தி பேசினார். வித்யா பாலன் தெற்கிலிருந்து சென்றவர் அல்லர், அந்நகரத்தவர். எனவே முகத்தையும் குரலையும் பிரிக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

தென்னாட்டு வாய்ப்புகள் கைநழுவியபின் அவர் விளம்பரப் படங்களிலும் இசைக் காணொலிகளிலும் நடித்தார். அவற்றுள் பல பிரதீப் சர்க்கார் இயக்கியவை. கௌதம் ஹால்தர் இயக்கிய 'பாலோ தேக்கோ' (2003) என்னும் வங்காளப் படம் அவருடைய முதல் திரைப்படமாக வெளிவந்தது. சரத்சந்திரரின் 1914-ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவிய 'பரிணீதா'வுக்குப் பலமுறை ஒத்திகைத் தேர்வு நடத்தப்பட்ட பின்னரே அவர் ஏற்கப்பட்டார். இராசி பார்த்துத் தள்ளிய இடத்திற்கும் திரும்பத் திரும்பச் சோதித்துத் தேர்ந்த இடத்திற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. சோதனை கடுமையானதாயினும், தன்னை மெய்ப்பிக்க அது இடமளிக்கிறது, இராசி இடமளிப்பதில்லை.

அடுத்து வந்த 'லகே ரஹோ முன்னா பாய்' (2006) படத்தில் அவர் வானொலி அறிவிப்பாளர். நாயகன் முதலில் விரும்புவது அவர் முகத்தை அன்று, வானொலியில் கேட்ட குரலையே. 'தும்ஹாரி சுலு' (2017) படத்திலும், இரவு நேர வானொலி நிகழ்ச்சியில் பேசித் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும் மும்பைப் புறநகர் இல்லத்தரசியாக நடித்தார். அப்படம் 'காற்றின் மொழி' (2018) எனத் தமிழுக்கு வந்தபோது அவ்வேடத்தை ஏற்றவர் ஜோதிகா.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) வழிவந்த படங்களும் இவ்வாய்வுக்குத் துணைபுரிகின்றன. மலையாள மூலத்தில் நாயகியை ஆட்கொள்பவள் தஞ்சாவூர்த் தமிழ் நடனமங்கை. ஷோபனாவின் முகத்தோடு நாகவல்லியின் தமிழ் உரையாடல் வேறொருவர் குரலில் ஒலித்தது. தமிழ்ச் 'சந்திரமுகி'யில் (2005) அவள் தெலுங்கு பேசுபவள் ஆனாள். இந்தி 'பூல் புலையா'வில் (2007) வங்காள நடனமங்கையாக மாறினாள். ஒவ்வொரு மொழியும் தன் அச்சத்திற்கு அண்டை மொழி ஒன்றைத் தேர்ந்துகொண்டது. தமிழ் வடிவில் அவ்வேடம் ஏற்றவர் மும்பையில் பிறந்த ஜோதிகா. இந்தி வடிவில் ஏற்றவர் செம்பூரில் வளர்ந்த வித்யா பாலன். ஒரே நகரத்தின் இரு பெண்கள், ஒருவர் மொழியின் திரையில் மற்றவர் நின்ற இக்குறுக்குமாற்றத்தை, எவருடைய இராசியாலும் விளக்க இயலாது. இரு திரையுலகங்களின் தேவைகளைக் கொண்டே விளக்க இயலும்.

அதே ஆண்டில் மணிரத்னத்தின் 'குரு' வெளிவந்தது. அதில் சக்கர நாற்காலியில் வாழும் பெண்ணாக வித்யா பாலனும் அவரை மணப்பவராக மாதவனும் நடித்தனர். தமிழில் அமையாது போன இணை, ஐந்தாண்டுகளுக்குப்பின் தமிழ் இயக்குநர் ஒருவராலேயே இந்தியில் அமைந்தது.

சில்க் ஸ்மிதாவின் நிழல்

அவருக்குத் தேசிய விருது ஈட்டித்தந்த 'தி டர்ட்டி பிக்சர்' (2011) மிலன் லூத்ரியா இயக்கியது. அதனைத் தயாரித்தவர்களுள் ஒருவர் 'ஹம் பாஞ்ச்' தொடரின் ஏக்தா கபூரே. சில்க் ஸ்மிதாவின் வாழ்வைத் தழுவியது எனப் பரவலாகக் கருதப்பட்ட அப்படம், அவர் பிறந்தநாளாகிய திசம்பர் 2 அன்று வெளியிடப்பட்டது. ஏலூர்ப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து, 'வண்டிச்சக்கரம்' (1980) படத்தில் ஏற்ற வேடத்தின் பெயரையே தன் பெயராகச் சுமந்து, 1996-இல் மறைந்த ஸ்மிதாவுக்குத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பிறர் குரலே ஒலித்தது. தமிழ்த் திரை உடலாக மட்டும் கண்ட ஒருத்திக்கு, அதே திரை ஏற்காத இன்னொருத்தி, பிறிதொரு மொழியில் பேச்சும் சினமும் நகைப்பும் அளித்தார். அப்படம் ஸ்மிதாவின் உடலை மீண்டும் விற்பனைப் பொருளாக்கியது என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எனினும் தன்னை இழிவு செய்யும் அவையை நோக்கி அப்பாத்திரம் பேசும் இடங்களில், காட்டப்படும் பெண் வினவும் பெண்ணாக மாறுவதையும் மறுத்தற்கில்லை.

தமிழில் வித்யா பாலன் முதன்முதலாகத் தோன்றியது 'நேர்கொண்ட பார்வை' (2019) படத்தில்; 'ரன்' வெளிவந்து 17 ஆண்டுகள் கழித்து. ஒரு பெண்ணின் மறுப்புச் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்று வாதிடும் அப்படத்தில் அவருக்குக் கிடைத்தது, வழக்கறிஞரின் நினைவில் மட்டும் வாழும் இறந்த மனைவியின் சிறு வேடம்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. வித்யா பாலனின் ஏற்றத்தில் அவர் திறனும் உறுதியும் மறுக்க இயலாதவை. ஆயின் அவற்றைத் தாங்கிநின்றது செம்பூர் நடுத்தட்டு வாழ்வு அளித்த கல்வியும் மொழிப் பயிற்சியும். அவர் இழப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட 'இராசி', புகுந்த வீட்டின் வழக்கைத் தொழிற்களத்திற்கு மாற்றிப் பெண்மீது சுமத்திய தீர்ப்பு. நாயகியின் குரலை முகத்திலிருந்து பிரித்த தொழில்முறை, மும்பைத் தமிழ்ப் பெண்ணின் தமிழுக்கு மதிப்பில்லாமல் செய்தது. பிரிக்கப்படாத குரலைக் கொண்டே அவர் பிற மொழியில் உயர்ந்தார்.

புலம்பெயர் தமிழர் இலக்கியத்தை ஆராய்வோர் தாராவியின் உழைப்பையும் மாட்டுங்காவின் சபைகளையும் பதிவு செய்துள்ளனர். வீட்டில் தமிழும் தொழிலில் பிற மொழியுமாக வாழும் பெண்களின் வரலாறு இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. நடிகையர் மட்டுமன்றி, பின்னணிக் குரல் கலைஞர்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும். திரையில் எவள் தோன்றினாள் என்பதோடு எவள் பேசினாள் என்பதையும் வினவும் திறனாய்வே அதனைத் தொடங்கிவைக்க இயலும்.